கைக்குத் தெரிந்ததைப் பாடமாக்கியவர்: ஆன்சல் ஆடம்ஸ் – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் என்றதும் நினைவுக்கு வருவது மலைகள். கருத்த வானத்தின் கீழே பனி பூத்த சிகரங்கள், பாறைமேல் விழுந்த வெயில், ஒவ்வொரு கல்லும் தனித்துத் தெரியும் துல்லியம். அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இங்கே நான் எடுத்துக்கொள்வது அவருடைய இன்னொரு வேலையை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் விடாமல் பார்த்த ஆசிரியர் வேலை அது.

ஒருவர் வருடக்கணக்கில் பழகிப் பழகிக் கண்ணிலும் கையிலும் ஏற்றிக்கொண்ட வித்தையை இன்னொருவருக்கு எப்படிக் கொடுப்பது? இதுதான் கேள்வி. நம் ஊரில் ஃபிலிம் காலத்தில் படமெடுக்கக் கற்றவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு ஸ்டுடியோவில் உதவிக்குச் சேர்ந்து, முதலாளி லைட் வைப்பதையும் ஃபிலிம் கழுவுவதையும் பார்த்தே கற்றார்கள். ‘கூடவே நின்னு பார்த்துக்கோ’ என்பதுதான் பாடத்திட்டம். அதில் நல்ல கலைஞர்கள் உருவானார்கள், மறுக்க முடியாது. ஆனால் பக்கத்தில் நிற்க வாய்ப்புக் கிடைத்தவருக்கு மட்டுமே அந்த வித்தை போய்ச் சேர்ந்தது. ஆடம்ஸும் பார்த்துப் பழகித்தான் தொடங்கினார். வகுப்பறைக்குள் நுழைந்தபோது அது போதவில்லை. போதாத இடத்தில் அவர் என்ன செய்தார் என்பது கற்பிக்கிற எல்லோருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

பள்ளி பிடிக்காத பையன்

1902 பிப்ரவரி 20 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை. எந்தப் பள்ளியும் ஒத்துவரவில்லை. 1915-இல் அப்பா சார்லஸ் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார்: பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, அந்த ஆண்டு ஊரில் நடந்த பனாமா–பசிபிக் சர்வதேசக் கண்காட்சிக்கு வருடம் முழுவதும் போய்வர அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். போய்ப் பார், அதுதான் உன் பள்ளி என்ற ஏற்பாடு. அதற்குக் கொஞ்சம் முன்பே, பன்னிரண்டு வயதில், பையன் தானாகவே பியானோ வாசிக்கக் கற்றிருந்தான். பிறகு கண்டிப்பான ஆசிரியர்களிடம் முறையாகப் படித்தான்.

1916-இல் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி மலைப் பள்ளத்தாக்குக்குப் போனபோது அப்பா ஒரு கோடக் பிரவுனி பெட்டிக் கேமரா தந்தார். அடுத்த ஆண்டு இன்னும் நல்ல கேமராவும் முக்காலியுமாகத் திரும்பிப் போனார். ஊரில் ஃபிராங்க் டிட்மன் என்பவரின் ஃபிலிம் கழுவும் கடையில் பகுதி நேர வேலை. இருட்டறைப் பழக்கம் அங்கேதான் வந்தது.

ஆனாலும் அப்போதைய கனவு பியானோதான். 1930 வரை இரண்டுக்கும் நடுவே ஊசலாடினார். அந்த ஆண்டு நியூ மெக்சிகோவின் டாவோஸில் புகைப்படக் கலைஞர் பால் ஸ்ட்ராண்டைச் சந்தித்தார். ஸ்ட்ராண்டின் கையில் காட்டுவதற்கு பிரிண்ட் எதுவும் இல்லை. தன் நெகட்டிவ்களை (ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதிந்த ஃபிலிம்) அவர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அதைப் பார்த்துவிட்டுத்தான் புகைப்படமே தன் தொழில் என்று ஆடம்ஸ் முடிவு செய்தார்.

பியானோ வீண்போகவில்லை. எந்தக் கஷ்டமான பகுதியையும் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் துல்லியமாக வாசித்துப் பழகுவது அந்தக் கல்வியின் முறை. பின்னாளில் அவர் புகைப்படத்தைக் கற்பித்த விதத்தில் இந்த முறை அப்படியே தெரிகிறது.

மிஞ்சிய இரண்டு தகடுகள்

1927 ஏப்ரல் 10. யோசெமிட்டியில் ஹாஃப் டோம் என்ற பிரம்மாண்டமான பாறையின் மேற்குத் தோளில், டைவிங் போர்டு என்று சொல்லப்படும் விளிம்புக்கு நண்பர்களோடு ஏறினார். பின்னாளில் அவர் மனைவியான விர்ஜினியா பெஸ்டும் கூட வந்தார். முதுகில் ஆறரைக்கு எட்டரை அங்குலக் கண்ணாடித் தகடு போடும் கோரோனா கேமரா, லென்ஸ், ஃபில்டர்கள், முக்காலி, 12 தகடுகள். பாறையின் முகத்தில் வெயில் ஏறிவரும் வேளையில் கையில் மிச்சம் 2 தகடுகள்.

முதல் தகட்டை வழக்கம்போல மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்த பிறகு உறைத்தது: இந்த பிரிண்டில் பாறை சரியாக வரும், வானம் வெளிறிய சாம்பலாக வரும், தான் நின்று அனுபவித்த அந்த மிரட்டல் வராது. இரண்டாவது தகட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்பு ஃபில்டர் நீல ஒளியைத் தடுக்கும். நீல வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகும், பாறை எழுந்து முன்னால் வரும். விலையாக 16 மடங்கு ஒளி கூடுதலாக வேண்டும். லென்ஸின் துளையை எஃப் 22 என்ற சிறிய அளவில் வைத்து, ஷட்டரை 5 விநாடி திறந்து வைத்தார்.

பிரிண்ட் எப்படி இருக்கப்போகிறது என்பதை ஷட்டரைத் திறப்பதற்கு முன்பே மனத்தில் பார்த்துவிடும் பழக்கம் தனக்கு அன்று வாய்த்தது என்று அவர் பிற்காலத்தில் சொன்னார். இதற்கு ‘விஷுவலைசேஷன்’ என்று பெயர் வைத்தார்.

அந்த முடிவு பத்து வருட இருட்டறைப் பழக்கத்திலிருந்து வந்தது. எந்த ஃபில்டர் எந்த நிறத்தை எவ்வளவு கறுப்பாக்கும் என்பது அவர் கைக்குத் தெரியும். அன்றைக்குப் பக்கத்தில் ஒரு மாணவர் நின்றிருந்தால், சிவப்பு ஃபில்டர் போட்டால் மலை நன்றாக வரும் என்பதை மட்டும்தான் கற்றிருப்பார். அடுத்த நாள் மேகமூட்டத்தில் அதே ஃபில்டரைப் போட்டுவிட்டு ஏன் வரவில்லை என்று முழித்திருப்பார். செய்முறைக் குறிப்பாகக் கற்பதில் உள்ள கோளாறு இதுதான். இன்றைக்கு யூடியூபில் செட்டிங் எண்களைக் குறித்துக்கொண்டு போகிறவர்களுக்கும் இதேதான் நடக்கிறது.

வகுப்பறை கேட்ட கேள்வி

1940-ஐ ஒட்டிய காலத்தில் லாஸ் ஏஞ்சலஸின் ஆர்ட் சென்டர் பள்ளியில் ஆடம்ஸ் பாடம் நடத்தினார். அங்கே சக ஆசிரியர் ஃபிரெட் ஆர்ச்சர். இருவரும் சேர்ந்து 1939–40 வாக்கில் உருவாக்கிய கற்பித்தல் முறைதான் ஸோன் சிஸ்டம்.

ஒளியை அளக்கும் லைட் மீட்டருக்கு ஒரே ஒரு சாம்பல்தான் தெரியும். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாகக் கொண்டுவரும் அளவையே சொல்லும். சட்டகம் முழுக்க ஒரு வெள்ளை வேட்டியை வைத்து, மீட்டர் சொன்னபடி எடுத்துப் பாருங்கள்: வேட்டி அழுக்குச் சாம்பலாக வரும். கருங்கல் தூணை அப்படியே எடுங்கள்: அதுவும் அதே சாம்பல், கல்லின் கருமை போய்விடும். மீட்டரில் பிழை இல்லை. எடுக்கிறவர் அதற்கு இன்னும் எதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆடம்ஸும் ஆர்ச்சரும் கரும் கறுப்பிலிருந்து வெறும் வெள்ளைத்தாள் வரை உள்ள தூரத்தைப் படிகளாக வெட்டி எண் போட்டார்கள்; ஒவ்வொரு படியும் ஒரு ஸோன். இன்று வழக்கத்தில் உள்ளபடி 0 முதல் 10 வரை. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஒரு ஸ்டாப் வித்தியாசம், அதாவது ஒளி இரண்டு மடங்கு. நடுவில் இருக்கும் 5, மீட்டருக்குத் தெரிந்த அந்தச் சாம்பல். நிழலுக்குள் கல்லின் சொரசொரப்பு தெரிய வேண்டுமானால் 3. துணியின் நெசவு தெரிகிற வெண்மைக்கு 7. அதற்கு மேலே போகப் போக விவரம் கரைந்து வெளுத்துவிடும்.

இப்போது மாணவர் செய்ய வேண்டிய வேலை மாறிவிடுகிறது. வேட்டியை மீட்டர் 5-இல் வைக்கும். எனக்கு அது 7-இல் வேண்டும். ஆகவே இரண்டு ஸ்டாப் கூட்டுகிறேன். தூண் 3-இல் வேண்டும், இரண்டு ஸ்டாப் குறைக்கிறேன். இரண்டும் ஒரே படத்தில் இருந்தால்? அங்கேதான் முறையின் மறுபாதி. நெகட்டிவில் நிழல் பகுதி எவ்வளவு பதியும் என்பதை எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிம்மேல் விழவிடும் ஒளியின் அளவு, தீர்மானிக்கிறது. வெளிச்சப் பகுதி எவ்வளவு கனமாகும் என்பதை, ஃபிலிமை எவ்வளவு நேரம் டெவலப்பரில் (படத்தை வெளிக்கொணரும் ரசாயனக் கரைசல்) வைக்கிறோம் என்பது பெருமளவு தீர்மானிக்கிறது. ஆகவே நிழலுக்கு எக்ஸ்போஷர் கொடு, வெளிச்சத்துக்கு ஏற்பக் கழுவு. பழைய ஸ்டுடியோக்காரர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்த விஷயம்தான். இந்த முறையில் அது ‘என்’ (இயல்பான கழுவும் நேரம்), ‘என் பிளஸ் 1’ (வெளிச்சப் பகுதி ஒரு ஸோன் ஏறும்படி கூடுதல் நேரம்), ‘என் மைனஸ் 1’ (ஒரு ஸோன் இறங்கும்படி குறைந்த நேரம்) என்று அளந்து சொல்லக்கூடிய பாடமாகிவிட்டது.

இது தன் கண்டுபிடிப்பு இல்லை, ஃபிலிம் ஒளிக்கு எப்படி இணங்குகிறது என்ற பழைய அறிவியலை ஒழுங்குபடுத்தியதுதான் என்று ஆடம்ஸ் பிற்காலத்திலும் விடாமல் எழுதினார். அந்த அறிவியலுக்கு அடித்தளம் போட்டவர்கள் ஹர்ட்டரும் டிரிஃபீல்டும். 1890-இலேயே இங்கிலாந்தில் அவர்கள் முடிவுகளை வெளியிட்டுவிட்டார்கள். அரை நூற்றாண்டாக அது வளைகோடுகளாகவும் சமன்பாடுகளாகவும் கிடந்தது. மலையில் முக்காலியோடு நிற்கும் ஒருவர் விரல்விட்டு எண்ணிக்கொள்ளும்படி அதை மாற்றியது ஆசிரியர் வேலை. அதைக் கண்டுபிடிப்புக்குக் குறைந்ததாக நான் நினைக்கவில்லை.

ஹெர்னாண்டஸில் ஒரு விநாடி

பாடம் நடத்துவது நடத்துகிறவரையும் மாற்றும் என்பதற்கு இந்த நிகழ்வில் ஒரு வலுவான சான்று இருக்கிறது.

நியூ மெக்சிகோவில் ஒரு மாலை. மகன் மைக்கேலோடும் நண்பர் செட்ரிக் ரைட்டோடும் ஆடம்ஸ் சாண்டா ஃபேக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் ஹெர்னாண்டஸ் என்ற சின்ன ஊர். கல்லறைச் சிலுவைகள்மேல் கடைசி வெயில், தூரத்தில் பனிமலை, மேலே நிலா எழுந்துவிட்டது. தேதி 1941 நவம்பர் 1. ஆடம்ஸுக்குத் தேதி நினைவில் நிற்காது, இந்தப் படத்துக்கே பல ஆண்டுகளைக் குறித்திருக்கிறார். நிலா நிற்கும் இடத்தை வைத்து வானியல் தெரிந்தவர்கள் பின்னால் கணக்குப் போட்டுச் சொன்ன தேதி இது.

காரை ஓரங்கட்டி எட்டுக்குப் பத்து அங்குலக் கேமராவை நிறுத்தினார். லைட் மீட்டர் கிடைக்கவில்லை. சிலுவைகளில் வெயில் எந்த நொடியும் போய்விடும். அப்போது நினைவுக்கு வந்தது நிலாவின் ஒளிர்வு: சதுர அடிக்கு 250 கேண்டில் (ஒளிர்வை அளக்கும் அலகு). மனத்துக்குள் கணக்கு ஓடியது. நிலாவை 7-ஆம் ஸோனில் வைக்கலாம். அப்படியானால் 5-ஆம் ஸோனுக்கு இரண்டு ஸ்டாப் குறைவு, சுமார் 60 கேண்டில். ஃபிலிமின் வேகம், அதாவது ஒளிக்கு இணங்கும் திறன், 64. அதன் வர்க்கமூலம் 8. அந்த எஃப் எண்ணில் ஷட்டர் நேரம், 5-ஆம் ஸோனின் கேண்டில் எண்ணில் ஒரு பங்கு விநாடி என்பது சூத்திரம். ஆகவே எஃப் 8-இல் ஒரு விநாடியில் 60-இல் ஒரு பங்கு. மாட்டியிருந்த ஃபில்டருக்கு மூன்று மடங்கு கூட்டினால் 20-இல் ஒரு பங்கு. முன்னும் பின்னும் கூர்மை வேண்டும், எஃப் 32-க்குப் போனால் இன்னும் 16 மடங்கு. கிட்டத்தட்ட 1 விநாடி.

எடுத்தார். பத்திரத்துக்கு இன்னொன்று எடுக்க ஃபிலிம் ஹோல்டரைத் திருப்பிப் போடுவதற்குள் சிலுவைகளில் வெயில் போய்விட்டது.

1927-இல் இரண்டு தகடுகளோடு நின்ற அதே மனிதர்தான். ஆனால் அங்கே உள்ளுணர்வாக இருந்தது, இங்கே படிப்படியாக வாய்விட்டுச் சொல்லக்கூடிய கணக்காக இருக்கிறது. இடையில் நடந்தது லாஸ் ஏஞ்சலஸ் வகுப்புகள். மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்த படிகள்தான் அந்த நெருக்கடியில் கைகொடுத்தன என்பது என் கணிப்பு. அந்தக் கணக்கை அவர் பின்னாளில் பாடமாகவே எழுதிவைத்தார். அதனால்தான் இன்று என்னால் வரிக்கு வரி இங்கே எடுத்துச் சொல்ல முடிகிறது.

நெகட்டிவ் குறையில்லாதது என்று சொல்ல முடியாது. முன்னால் உள்ள தரைப்பகுதி மிக மெல்லியதாகப் பதிந்திருந்தது. 1948-இல் அந்தப் பகுதியை மட்டும் ரசாயனத்தால் அடர்த்தியாக்கினார். வாழ்நாளில் அந்த ஒரே நெகட்டிவிலிருந்து 1,300-க்கும் மேற்பட்ட பிரிண்ட் போட்டார். தொடக்க கால பிரிண்ட்களில் வானத்தில் மேகம் தெரியும். பிந்தையவற்றில் வானம் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. நெகட்டிவ் இசைக்குறிப்பு, பிரிண்ட் கச்சேரி என்ற அவருடைய புகழ்பெற்ற ஒப்புமைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அவரிடமே இல்லை.

தன்னைப் போலில்லாதவர்களை அழைத்தது

1946-இல் சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா நுண்கலைப் பள்ளியில் புகைப்படத் துறையைத் தொடங்கிவைத்தார். புகைப்படத்தைக் கலையாகக் கற்பிக்கும் தனித்துறை என்பது அமெரிக்காவில் அன்றைக்குப் புதுமை. போர் முடிந்து திரும்பியவர்களுக்கு அரசு கல்விச் செலவு கொடுத்த காலம், அந்த உதவியில் படிக்க வந்தவர்கள் வகுப்பில் நிறையப் பேர்.

இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்தது ஆசிரியர் தேர்வு. துறையைப் புகைப்படக்காரர் மைனர் வைட்டிடம் ஒப்படைத்தார். வைட் ஸோன் சிஸ்டத்தை நுணுக்கமாகக் கற்பித்தார், ஆனால் அவர் அக்கறை வேறு: ஒரு படத்தின் முன் அமைதியாக உட்கார்ந்து அது மனத்தில் என்ன செய்கிறது என்று கவனிப்பது. இன்னொரு புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் மாணவர்களைப் பாயிண்ட் லோபோஸ் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். மனிதர்களை, வறுமையை, தெருவை எடுத்த டாரத்தியா லாங் வந்தார். இமோஜன் கன்னிங்ஹாம் வந்தார். நியூயார்க்கிலிருந்து லிசெட் மாடல் வந்தார், அவர் படங்கள் ஆடம்ஸின் மலைகளுக்கு நேர் எதிர்த்துருவம். தன் பாணியைப் பரப்ப நினைக்கிற ஒருவர் இப்படி ஆட்களைச் சேர்த்திருக்க மாட்டார். கருவியின் மேல் பிடிமானத்தை நான் தருகிறேன், எதைப் பார்ப்பது என்பதை நீங்களே தேடுங்கள் என்ற பிரிவினை இந்தத் துறையில் தெளிவாகத் தெரிகிறது.

யோசெமிட்டியில் அவர் நடத்திய பயிலரங்குகள் இன்னொரு வகை. 1940-இல் வெஸ்டனோடு சேர்ந்து ஒன்று நடத்தினார். பிறகு 1955 முதல் 1981 வரை ஆண்டுதோறும். மையம், விர்ஜினியாவின் அப்பா ஹாரி பெஸ்ட் 1902-இல் தொடங்கிய பெஸ்ட் ஸ்டுடியோ. 1936-இல் அப்பா இறந்த பிறகு அதை விர்ஜினியா ஏற்று நடத்தினார். ஆடம்ஸ் இளைஞராக பியானோ பழக இடம் கொடுத்ததும் அதே வீடுதான். பயிலரங்குகளின் வரலாற்றில் விர்ஜினியாவின் பெயர் இன்னும் பெரிதாக எழுதப்பட வேண்டும்.

மெட்ரோநோம் ஒலிக்கும் இருட்டறை

1962-இல் கார்மெலுக்குக் குடிபெயர்ந்த பிறகு அவர் அமைத்த இருட்டறை, அதுவே ஒரு பாடப்புத்தகம். பழைய ஸ்டுடியோ கேமராவை மாற்றிச் செய்த படுக்கைவாட்டு என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி). அதன் பின்னால் வரிசை வரிசையாக விளக்குகள், ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். நெகட்டிவின் ஒரு மூலை மட்டும் கனமாக இருந்தால் அங்கே விளக்கைக் கூட்டலாம். நேரம் எண்ண, இசைப் பயிற்சியில் தாளம் தட்டும் கருவியான மெட்ரோநோம். ‘டிக் டிக்’ என்று அது தட்டத் தட்ட, கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல், கையாலும் அட்டையாலும் ஒளியை மறைத்து நிழலைத் தூக்குவார், வானத்தைக் கருக்க வைப்பார். பியானோக்காரரின் பழக்கம் இருட்டறைக்குள்ளும் வந்துவிட்டது.

ஈரமாக இருக்கும்போது அழகாகத் தெரியும் பிரிண்ட், காய்ந்ததும் ஒரு மாற்றுக் குறைந்து கருக்கும். இருட்டறையில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் இந்த ஏமாற்றத்தைச் சொல்வார்கள். ஆடம்ஸ் ஒரு மைக்ரோவேவ் அடுப்பை வைத்துச் சோதனைத் துண்டுகளை உடனே காயவைத்துப் பார்த்துவிட்டு எக்ஸ்போஷரைச் சரிசெய்தார். இதையும் எழுதினார். தொழில் ரகசியம் என்று எதையும் பொத்தி வைத்ததாகத் தெரியவில்லை.

1975 முடிவோடு தனி பிரிண்ட்களுக்கு ஆர்டர் எடுப்பதை நிறுத்தினார். அறிவிப்பு வந்ததும் ஆர்டர்கள் குவிந்து, அவற்றை முடிக்கவே சில ஆண்டுகள் ஆயின. 1948 முதல் எழுதிவந்த பாடநூல் வரிசையை ராபர்ட் பேக்கரின் துணையோடு புதிதாக எழுதினார்: கேமராவுக்கு ஒன்று, நெகட்டிவுக்கு ஒன்று, பிரிண்டுக்கு ஒன்று. 1980, 1981, 1983-இல் அவை வெளிவந்தன. படங்களின் விலை ஏறிக்கொண்டிருந்த நேரம், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அந்த நேரத்தை அவர் பாடநூலுக்குக் கொடுத்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எங்கே தடுமாறியது

இந்த முறைக்கு எல்லைகள் உண்டு. தனித்தனித் தாளாக ஃபிலிம் போடும் கேமராவுக்கு அது கச்சிதம், ஒவ்வொரு படத்தையும் அதற்கேற்பக் கழுவலாம். 36 படம் கொண்ட 35 மி.மீ. ரோலில் அது முடியாது. ஒரே ரோலில் வெயிலும் நிழலும் கலந்திருக்கும், கழுவுவது ஒரே தடவை. தெருவில் ஓடியாடி எடுப்பவருக்கு 250 கேண்டில் கணக்கெல்லாம் போட நேரமும் இல்லை.

இன்னொரு சிக்கல் மனித இயல்பு சார்ந்தது. எண்களில் மயங்கி, சோதனை அட்டைகளை எடுத்து அடர்த்தி அளப்பதிலேயே காலத்தைக் கழித்தவர்கள் உண்டு. யோசெமிட்டியின் டனல் வியூ என்ற காட்சிமுனையில் இன்றும் முக்காலிகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஆடம்ஸ் பார்த்ததையே பார்க்க வந்தவர்கள் அவர்கள். அவர் பிரித்துக் கொடுத்த இரண்டில், கருவியின் பிடிமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எதைப் பார்ப்பது என்பதைத் தேடாததன் விளைவு அது என்பேன்.

டிஜிட்டலில் சூத்திரமே தலைகீழாகிவிட்டது. சென்சாரில் வெளுத்துப்போன இடம் திரும்ப வராது, நிழலை ஓரளவு தூக்கிவிடலாம். ஆகவே வெளிச்சப் பகுதியைக் காப்பாற்றி எடுக்கிறோம், நிழலைப் பிறகு கவனிக்கிறோம். ஆனால் ‘இதை எந்தப் படியில் வைக்கப் போகிறேன்’ என்ற கேள்வி மாறவில்லை. போனில் ஒரு முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கோட்டை விரலால் இழுக்கிறவர் செய்வதும் அதேதான். வகுப்பில் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது வேட்டியையும் கருங்கல்லையும்தான். எந்த கேமரா வைத்திருக்கிறார்கள் என்று கேட்பதுகூட அதற்குப் பிறகுதான். மின்னணுப் படம்தான் அடுத்த பெரிய முன்னேற்றம், அதை ஆவலோடு எதிர்பார்க்கிறேன் என்று 1981-இலேயே அவர் எழுதியிருக்கிறார்.

நெகட்டிவ்கள் யாருக்கு

எட்வர்ட் வெஸ்டனின் மகன் பிரெட் வெஸ்டனும் பெரும் புகைப்படக்காரர். தன் நெகட்டிவிலிருந்து வேறொருவர் பிரிண்ட் போடக்கூடாது என்பது அவர் கொள்கை. 1991-இல் தன் எண்பதாவது பிறந்தநாளன்று நெகட்டிவ்களைத் தீயில் போட்டார். அவர் தரப்பில் நியாயம் இருக்கிறது: பிரிண்ட்தான் படைப்பு, அதைச் செய்ய அவர் ஒருவரால்தான் முடியும்.

ஆடம்ஸ் வேறு வழியில் போனார். 1975-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் படைப்புப் புகைப்படத்துக்கான காப்பகம் உருவாக அவரும் காரணம். தன் நெகட்டிவ்களை அங்கே சேர்ப்பித்தார். மாணவர்கள் அவற்றை எடுத்துத் தங்கள் பார்வையில் பிரிண்ட் போட்டுப் பழகட்டும் என்பது அவர் விருப்பம். 1984 ஏப்ரல் 22 அன்று அவர் இறந்தார். 1970-களில் அவரிடம் உதவியாளராக இருந்த ஆலன் ராஸ், ஆடம்ஸின் யோசெமிட்டி படங்களின் சிறப்புப் பதிப்புக்கான பிரிண்ட்களை மூல நெகட்டிவ்களிலிருந்து தொடர்ந்து போட்டுவந்தார். 1973 பயிலரங்கில் மாணவராக வந்து பின்னாளில் அவருக்கே தொழில்நுட்ப உதவியாளரான ஜான் செக்ஸ்டன், தன் பெயரில் பயிலரங்குகள் நடத்தத் தொடங்கினார்.